மழைக்குள் ஒரு 'சரிங்க'

"சரிங்க."

கோர்ட் ஹால் சுவரில் பதித்திருந்த ஒலிபெருக்கியிலிருந்து அந்த ஒற்றைச் சொல் தெளிவாக வந்து விழுந்தது. தயக்கமில்லை, தடுமாற்றமில்லை. கொஞ்சம் நிம்மதிகூட இருந்தது. வக்கீல் தமயந்தி காதை நம்பாமல் ஒலிபெருக்கியை நிமிர்ந்து பார்த்தாள்.

நீதிபதி கேட்டது சுற்றி வளைக்காத கேள்வி. ஆறு வயது நறுமுகையை அவளுடைய அப்பா நிரஞ்சனுடன் ஐதராபாத்துக்கு அனுப்பிவைக்கத் தாய்க்குச் சம்மதமா? அதற்குத்தான் மலைமேல் கோம்பைமேட்டில் உட்கார்ந்திருந்த பவதாரிணி இப்படிச் சொல்லியிருந்தாள். புருஷனைப் பிரிந்த நாளிலிருந்து, எது போனாலும் பாப்பாவை விடமாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவள்.

சட்டப்படி இரண்டு முறை கேட்க வேண்டும். நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, நிதானமாக மறுபடி கேட்டார்.

"சரிங்க ஐயா. ரொம்ப நன்றிங்க," என்றது ஒலிபெருக்கி.

நிரஞ்சனின் வக்கீல் செங்கோட்டுவேலு திரும்பிப் பார்த்தார். அவர் பார்வையில் வெற்றியைவிட ஆச்சரியம்தான் அதிகம் இருந்தது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் என்று அவரும் நினைத்திருக்கவில்லை.

குரல் விசாரணையில் வாய்ச்சொல்தான் கையெழுத்து. மலையிலும் தீவிலும் இருக்கிறவர்கள் ஒரு வாய்தாவுக்காக ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு நகரத்துக்கு அலைய வேண்டாம், வீட்டிலிருந்தே பேசலாம் என்று கொண்டுவந்த சட்டம். வீடியோவுக்கு அங்கெல்லாம் லைன் தாங்காது என்பதால் குரல் மட்டும். நல்ல சட்டம் என்று தமயந்தியே மேடையேறிப் பேசியிருக்கிறாள்.

அவள் எழுந்து, கட்சிக்காரருக்குக் கேள்வி புரியவில்லை என்று வாதாடிப் பார்த்தாள். இரண்டு முறை கேட்டாயிற்றே அம்மா என்றார் நீதிபதி, இரக்கமாகவே. மறுநாள் மாலைக்குள் குழந்தையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

*

பவதாரிணியின் எண்ணுக்குப் போன் போட்டால் மணியே அடிக்கவில்லை. மலையில் மழை, டவர் படுத்துவிட்டது. அந்த ஊருக்குப் பைபர் என்கிற கண்ணாடி இழைக் கம்பி போகாது. காட்டுக்குள் குழி தோண்ட அனுமதியில்லை. கம்பம் நட்டால் யானை சாய்த்துவிடும். அதனால் எதிர் மலையிலிருக்கும் டவரைப் பார்த்தாற்போல் ஒவ்வொரு வீட்டுக் கூரையிலும் ஒரு ஆண்டெனாத் தட்டு. வெயில் காலத்தில் குறையில்லாமல் ஓடும். மழை வந்தால் அலை பாதி வழியிலேயே கரைந்துபோகும்.

நிரஞ்சன் மிரட்டியிருப்பானா? பக்கத்தில் யாராவது நின்று சொல்ல வைத்திருப்பார்களா? காரை எடுக்கும்போது தமயந்திக்கு இன்னொன்று தோன்றியது. அதைச் சொன்னது பவாவே இல்லையோ?

போன்களில் தொடர்குரல் என்ற வசதி வந்து மூன்று வருஷமாகிறது. இப்போது எல்லா போனிலும் அதுதான். பேச்சின் நடுவே ஒரு துண்டு வராமல் போனால், பேசுகிறவரின் குரலிலேயே, அவர் சொல்லக்கூடிய வார்த்தையை ஊகித்து அந்த இடைவெளியை அடைத்துவிடும். ஒட்டுப் போட்ட இடம் யாருக்கும் தெரியாது. 'ஹலோ, ஹலோ, கேக்குதா? விட்டு விட்டுக் கேக்குது, திரும்பச் சொல்லு' என்று ஜனங்கள் ஜன்னலோரம் ஓடிய காலம் மலையேறிவிட்டது. இன்றைய சின்னப் பிள்ளைகளிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னால் முழிக்கும்.

ரிஸ்வான் தொடர்குரலைச் செய்த கம்பெனியில் இருந்து சண்டை போட்டு வெளியே வந்தவன். இப்போது ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருக்கிறான். கல்லூரி நாளிலிருந்து தமயந்திக்குப் பழக்கம். கோர்ட்டில் வாங்கிய பதிவை அவன் ஒரு தடவைக்கு மூன்று தடவை ஓடவிட்டான். திரையில் பச்சைக் கோடுகள் நெளிந்தன.

"வக்கீலம்மா நல்லா மாட்டிக்கிட்டீங்க," என்றான் ஹெட்போனைக் கழற்றி. "ஊகிச்ச துண்டா இருந்தா இங்கே சாம்பல் கலர்ல காட்டும். இந்த 'சரிங்க' முழுக்கப் பச்சை. அசல். உங்க பவா வாயால சொன்னதுதான்."

தமயந்தி பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். ஒரு தாய் தன் மகளைத் தானே கொடுத்துவிட்டாள். அதற்குமேல் வக்கீலுக்கு என்ன வேலை?

*

காலையில் மழை விட்டிருந்தது. பவதாரிணியே கூப்பிட்டாள்.

"வக்கீலக்கா, உங்களைக் கையெடுத்துக் கும்பிடோணுமுங்க. ஜெயிச்சுக் குடுத்துட்டீங்க."

நீதிபதி என்ன கேட்டார், ஒரு வார்த்தை விடாமல் சொல்லு என்றாள் தமயந்தி.

"அதானுங்க. 'பாப்பா உங்க மடியிலயே வளரட்டும், அவங்கப்பா மாசம் ஒருக்கா வந்து கண்ணால பார்த்துட்டுப் போகட்டும், சம்மதமாம்மா'ன்னு கேட்டாரு. நான் சரிங்கன்னேன். ரெண்டாந்தரமும் அதையேதான் கேட்டாரு. ஏனுங்க்கா?"

தமயந்தி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உங்க மடியிலயே வளரட்டும், கண்ணால பார்த்துட்டுப் போகட்டும். அந்த நீதிபதி அப்படிப் பேசுகிறவர் இல்லை. அது தமயந்தியின் வாக்கியம். அழுதுகொண்டே பவா கூப்பிட்ட ஒவ்வொரு முறையும் அவளைத் தேற்றுவதற்காகச் சொன்னது. எத்தனையோ முறை சொன்னது.

"பவா, கவனமாக் கேளு. நீ ஜெயிக்கல. குழந்தையை அவர்கூட அனுப்பச் சொல்லித்தான் உத்தரவு. அவர் கிளம்பி வந்துட்டிருக்கார். நான் சொல்ற வரைக்கும் கதவைத் திறக்காதே."

போனுக்குள் எங்கோ தகரக் கூரைமேல் படபடவென்று மழை விழும் சத்தம் வந்தது.

"சரிங்க்கா," என்றாள் பவா, சிரிப்பு மாறாமல். "நீங்களும் ஒரு நாள் மேல வாங்க. இன்னிக்கு பாயசம் வெக்கப்போறேனுங்க."

லைன் அறுந்தது. திரும்பப் போட்டால் மணி அடிக்கவில்லை. எழுதி அனுப்பிய செய்தி ஒற்றை டிக்கோடு அப்படியே கிடந்தது.

ரிஸ்வானைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னபோது அவனுடைய கிண்டல் நின்றுபோயிற்று.

"நாம அவங்க வாயைப் பார்த்தோம் தமயா. காதைப் பார்க்கவே இல்லை. ஊகிக்கிற வேலை கேக்கறவங்க போன்லதான் நடக்கும். அந்த போன்ல இதுவரைக்கும் என்ன பேச்சு ஓடியிருக்கோ, அதை வெச்சுத்தான் அது அடுத்த வார்த்தையை நினைக்கும். உங்க ஆறுதல் பேச்சை எடுத்து ஜட்ஜ் குரல்ல போர்த்தி அவங்க காதுல ஊத்தியிருக்கு."

"ஒரு வாக்கியம் பூராவுமா? வார்த்தையை அடைக்கும்னுதானே சொன்னாங்க?"

"அப்படித்தான் ஆரம்பிச்சோம். சினிமா பார்க்கறப்ப லைன் மோசமா இருந்தா, போன் கொஞ்சம் முன்கூட்டியே இழுத்துச் சேர்த்து வெச்சுக்கும். பேச்சுக்கு அந்த வசதி கிடையாது. நீங்க பேசின உடனே எனக்குக் கேக்கணும். தாமதமா வர்ற துண்டு வராத துண்டுக்குச் சமம். பைபர் வீட்டுல எப்பவோ ஒரு துண்டு தவறும். மழைல டவர் வீட்டுல பத்துல ஏழு தவறும். நடுவுல மௌனம் வந்தா வாடிக்கையாளர் ஓடிருவான்னு, எவ்வளவு பெரிய ஓட்டையானாலும் அடைன்னு உத்தரவு போட்டாங்க. அதுக்குத்தான் நான் சண்டை போட்டேன்." அவன் பெருமூச்சு விட்டான். "கம்பி வீட்டுக்காரன் கேக்கறது மனுஷன் பேச்சு. டவர் வீட்டுக்காரன் கேக்கறது அவன் ஆசையும் பயமும்."

பவாவின் காதில் விழுந்த வாக்கியம் எந்தப் பதிவிலும் இல்லை. போன் அதைச் சொன்ன மாத்திரத்தில் அழித்துவிடும். கோர்ட்டில் இருப்பது இரண்டுதான். நீதிபதியின் தெளிவான கேள்வி, பவாவின் அசல் பதில். இதை வைத்துக்கொண்டு யாரிடம் போய் நிற்பது?

*

நீதிபதியின் அறையில் தமயந்தி நின்றபடியே பேசினாள். செங்கோட்டுவேலுவும் வந்திருந்தார். ஏனுங்க, தோத்த கேஸையெல்லாம் போன் மேல போட்டா நாட்டுல ஒரு தீர்ப்பும் நிக்காதுங்களே என்று அவர் குழைவாகச் சொன்னபோது அதில் நியாயம் இருப்பதாகவே தமயந்திக்கும் பட்டது.

"எனக்குத் தீர்ப்பை மாத்த வேண்டாம், ஐயா," என்றாள் தமயந்தி. "இன்னொரு தடவை லைனைப் போடுங்க. எந்தத் தாயும் சம்மதிக்காத ஒண்ணைக் கேளுங்க. அவங்க என்ன சொல்றாங்கன்னு பார்ப்போம்."

நீதிபதி மணியை அடித்தார்.

நிரஞ்சன் மலையேறிவிட்டிருந்தான். கோம்பைமேட்டுக்கு முந்தின வளைவில் டீக்கடையோரம் காரில் இருப்பதாகச் சொல்லி அவனும் லைனுக்கு வந்தான். தமயந்திக்குப் பகீரென்றது. அவனும் இப்போது அதே டவரின் கீழ். பவாவும் வந்தாள். அவள் குரலில் திருவிழா வீட்டுக் கலகலப்பு.

நீதிபதி முதலில் சின்னதாக ஒன்று கேட்டுப் பார்த்தார். மலையை விட்டு நகரத்துக்கே குடிவந்துவிட முடியுமா?

"இல்லீங்க ஐயா. தோட்டத்து வேலை இங்கதானுங்க. ஏனுங்க, எதுக்குங்க கேக்கறீங்க?"

சட்டென்று, கேள்விக்கேற்ற பதில். செங்கோட்டுவேலு தன் வெள்ளை வேட்டி நுனியைத் தட்டிவிட்டுக்கொண்டார். லைன் கண்ணாடியாட்டம் இருக்குதுங்க என்றார் யாரையும் பார்க்காமல். நீதிபதியின் புருவம் தமயந்தியை நோக்கி உயர்ந்தது. இன்னும் ஒரு நிமிஷம், ஐயா, என்றாள். மழையை வேண்டி எந்த வக்கீலும் கோர்ட்டில் நின்றிருக்க மாட்டார். அவள் நின்றாள்.

செங்கோட்டுவேலு கேஸ் கட்டுகளை அடுக்கிக்கொண்டு எழுந்தார். அப்போது ஒலிபெருக்கிக்குள் எங்கோ ஆழத்தில் தகரத்தில் கடுகு வெடிப்பதுபோல் ஒரு சத்தம் தொடங்கியது. வலுத்தது.

"இப்பக் கேளுங்க ஐயா," என்றாள் தமயந்தி கிசுகிசுப்பாக.

நீதிபதி மைக்கை அருகில் இழுத்துக்கொண்டார்.

"அம்மா பவதாரிணி. உங்க மகளை, முன்பின் தெரியாத ஒருத்தருக்குத் தத்துக் கொடுத்துடலாம்னு இந்தக் கோர்ட் நினைக்குது. இனிமேல் நீங்க அவளைப் பார்க்கவே முடியாது. சம்மதமா?"

மழைச் சத்தம். பின்னால் ஒரு குழந்தை ஏதோ பாடிக்கொண்டிருந்தது.

"சரிங்க."

மூலையில் பதிவெடுத்துக்கொண்டிருந்த தட்டச்சர் விரலை எடுத்துவிட்டார். நீதிபதியின் முகம் வெளிறிப்போயிருந்தது. அவர் இன்னொன்றும் கேட்டார்.

"உங்க வீட்டையும் இடிச்சுத் தள்ளப்போறோம். சம்மதமா?"

"சரிங்க ஐயா. ரொம்ப நன்றிங்க. நீங்க நல்லா இருக்கோணுமுங்க."

அவள் மனதாரச் சொன்னாள். அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. செங்கோட்டுவேலு மெல்ல உட்கார்ந்தார். அவருக்கும் பேத்தி உண்டு.

"இதே நாற்காலியில உட்கார்ந்து," என்றார் நீதிபதி மைக்கை மூடிக்கொண்டு, "இப்படி எத்தனை பேருக்கு..." முடிக்கவில்லை.

உத்தரவை அவர் அங்கேயே நிறுத்திவைத்தார். நேரில் விசாரிக்கும் வரை குழந்தை தாயிடமே இருக்கும். தகப்பன் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். கூட்டிப்போகக் கூடாது. கைப் பழக்கத்தில் மைக்கைத் திறந்து அதை அப்படியே இரு தரப்புக்கும் வாசித்த பிறகுதான், மழை இன்னும் விடவில்லை என்பது அவருக்கு உறைத்தது.

"சரிங்க," என்றாள் பவா சந்தோஷமாக.

"சரிங்க சார். தேங்க்ஸ் சார்," என்றான் நிரஞ்சன். அவன் குரலிலும் அதே சந்தோஷம்.

தோற்றவன் நன்றி சொல்வானா? மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒலிபெருக்கி கிர்ரென்று இழுத்து அடங்கிவிட்டது. டவர் மொத்தமாகப் போய்விட்டது.

"அவனுக்கு என்ன கேட்டுச்சோ," என்றார் செங்கோட்டுவேலு. முதல் முறையாக அவர் குரலில் குழைவு இல்லை.

தமயந்தி ஏற்கெனவே கையை நீட்டியிருந்தாள். நீதிபதி காகிதத்திலேயே எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரை அடித்துக் கொடுத்தார்.

*

மலைப்பாதையில் மண் சரிந்து பாதி ரோட்டை மூடியிருந்தது. மீதிப் பாதியில் டயர் வழுக்க வழுக்கத் தமயந்தி ஓட்டினாள். எதிரே ஒவ்வொரு வண்டி இறங்கும்போதும் பின் சீட்டில் ஒரு குட்டித் தலை தெரிகிறதா என்று கண் தேடியது. அவன் குழந்தையை இழுத்திருப்பான், பவா குறுக்கே விழுந்திருப்பாள், அக்கம்பக்கம் கூடியிருக்கும். இரண்டு பேரும் தாங்கள் ஜெயித்ததாக நம்புகிறார்கள். அதைவிட ஆபத்து உண்டா? முந்தின வளைவின் டீக்கடையோரம் கார் இல்லை.

வீட்டு வாசலில் அது நின்றது. கதவு திறந்திருந்தது. தமயந்தி நனைந்தபடி உள்ளே ஓடினாள்.

கூடத்தில் நிரஞ்சன் சம்மணமிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

அவன் தொடைமேல் தலைவைத்து நறுமுகை படுத்திருந்தாள். பவா ரசக்கரண்டியோடு நின்றாள். தமயந்தியைப் பார்த்ததும் அவள் முகம் மலர்ந்தது. உள்ள வாங்க்கா, அவங்களுக்குச் சோறு போட்டுட்டிருக்கேன், எப்படியும் கிளம்பிப் போறவங்கதானேன்னு, என்றாள். நிரஞ்சன் எழ முயன்று, குழந்தைக்காக மறுபடி உட்கார்ந்தான். இவ இவ்வளவு தன்மையா எடுத்துக்குவான்னு நான் நினைக்கலைங்க மேடம் என்றான். அவன் பார்வையில் ஜெயித்தவனின் இரக்கம். அவள் பார்வையிலும் அதேதான்.

தமயந்திக்குப் புரிந்தது. ஜெயித்தவர்களுக்குச் சண்டை போட அவசியமில்லை. இத்தனை நேரமாக இந்த வீட்டில் இரண்டு ஜெயித்தவர்கள் ஒருவருக்கொருவர் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

"மழை வலுக்கறதுக்குள்ள எறங்கோணும்," என்றான் நிரஞ்சன். "பாப்பா துணியெல்லாம் எடுத்து வெச்சிருக்கியா?"

கரண்டி நின்றது.

"பாப்பா துணி எதுக்குங்க?"

அவன் முகம் மாறியது. அவள் முகம் மாறியது. நறுமுகை நிமிர்ந்து இருவரையும் பார்த்தாள். தமயந்தி நடுவில் வந்து நின்றாள். உரக்கப் பேசவில்லை. உங்களுக்கு ஜட்ஜ் என்ன சொன்னார் என்று அவனைக் கேட்டாள். குழந்தை என்கூடத்தான், உத்தரவில் மாற்றமில்லை என்றார், என்றான். பவா வாயைப் பொத்திக்கொண்டாள். தமயந்தி நேற்றிலிருந்து நடந்த அத்தனையையும் சொன்னாள். பவா நேற்று எதற்குச் சரிங்க என்றாள், இன்று எதற்கு நன்றி சொன்னாள், மழையில் இந்த போன்கள் யார் குரலில் எதைப் பேசுகின்றன என்பதையெல்லாம். தத்து என்ற வார்த்தை வந்தபோது பவா குழந்தையை வாரி எடுத்து இறுக்கிக்கொண்டாள். அவனுடைய தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

காகிதத்தை எடுக்கப் பைக்குள் கை விட்டவளை நிரஞ்சன் தடுத்தான். அவன் தமயந்தியைப் பார்க்கவில்லை. பவாவைப் பார்த்தான்.

"போன வருஷம் ஆடில, இதே மாதிரி மழை. நான் ஐதராபாத்துல இருந்து கூப்பிட்டேன். லீவு கெடச்சுருக்கு, சண்டை போதும், நேர்ல வரட்டுமான்னு கேட்டேன். ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்க."

"வராதீங்கன்னு சொன்னே. இனி இந்தப் பக்கமே வராதீங்கன்னு. அதுக்கப்புறம்தான் நான் வக்கீலைப் பார்த்தேன்."

பவா அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான் வாங்கன்னு சொன்னேனுங்க. பாப்பா வாசல்லயே நின்னுக்கிட்டிருக்கா, சீக்கிரம் வாங்கன்னு. நீங்க வரவே இல்ல. நோட்டீஸ்தான் வந்துச்சு."

தமயந்திக்கு மீதியும் விளங்கியது. சண்டை போட்டுக்கொண்டிருந்த புருஷன் பெண்டாட்டி. அதுவரைக்கும் மாதக்கணக்கில் அவன் போனில் ஓடியதெல்லாம் கோபம். மழையில் அவள் பேச்சு கரைந்தபோது அந்த போன் எதை ஊகித்திருக்கும்? அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. வேறு எந்த மனைவியாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பாள்.

நிரஞ்சன் கையை நீட்டினான். தமயந்தி காகிதத்தைக் கொடுத்தாள். வாசித்து முடித்து நாலாக மடித்தான்.

"சரிங்க," என்றான்.

"இல்ல. என்ன புரிஞ்சுதுன்னு உங்க வாயால சொல்லுங்க," என்றாள் தமயந்தி. அந்தச் சொல்லை அவள் இனி யாரிடமும் அப்படியே வாங்கிக்கொள்ளப்போவதில்லை.

"பாப்பா இங்கயே இருப்பா. நான் வந்து பார்க்கலாம்." பவா பக்கம் திரும்பினான். "வரலாமா?"

அவன் சட்டைப் பையில் போன் துடித்தது. டவர் வந்துவிட்டது போலிருக்கிறது. அவன் அதை வெளியே எடுத்து, யார் என்றுகூடப் பார்க்காமல், அணைத்து ஜன்னல் விளிம்பில் வைத்தான்.

பவா ஏதோ சொன்னாள். அந்த நேரம் பார்த்து மழை சடசடவென்று தகரக் கூரையை அறைந்தது. அவள் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. ஒற்றைச் சொல்லாகத்தான் இருக்க வேண்டும். எதுவாகவும் இருக்கலாம்.

நிரஞ்சன் ஊகிக்கவில்லை. எழுந்து அவள் அருகே போய் நின்றான்.

"கேக்கல," என்றான். "திரும்பச் சொல்லு."